பற்றுச்சீட்டில் இல்லாத பெயர்

போன கிழமை வெள்ளவத்தைச் சந்தை வாசலில் உங்களில் ஒருத்தி என்னை மறித்துக்கொண்டாள். நன்னடத்தை உத்தியோகத்தராக வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை. என் கையில் கீரைக்கட்டு, அவள் கையில் கோப்பு. "மிஸ், நல்ல அறிக்கை எழுதுறதுக்கு என்ன செய்ய வேணும்?" என்று கேட்டாள். வெயிலில் நின்று சொல்லக்கூடிய பதில் அல்ல அது. எழுதித் தருகிறேன் என்றேன். இதுதான் அது.

என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறந்த அறிக்கையைப் பற்றிச் சொல்கிறேன். எழுத்துப் பிழை இல்லை, திகதிப் பிழை இல்லை, இணைப்புகள் எல்லாம் வரிசையாக இருந்தன. மேலதிகாரி அதைப் பிரதியெடுத்து மற்றவர்களுக்கு மாதிரியாகக் கொடுத்தார். அதில் ஒரு சொல்கூட உண்மை இல்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு வரும். அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான்.

நான் சட்டம் படித்தவள் அல்ல. உயர்தரத்தோடு தட்டச்சு வேலைக்கு வந்தவள். கோப்புகளைத் தட்டெழுதித் தட்டெழுதியே சட்டம் தெரிந்துகொண்டேன். பிறகு பரீட்சை எழுதி நன்னடத்தை உத்தியோகத்தர் ஆனேன். சனங்கள் சொல்லும் வார்த்தைகளைக் குறித்துவைக்க ஒரு சிறிய டயறி எப்போதும் கைப்பையில் இருக்கும். முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர் தன் மகளின் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னது அதில் முதல் பக்கத்தில் இருக்கிறது: "எல்லாருக்கும் நல்லவன் மிஸ், வீட்டுக் கதவைச் சாத்தும் வரைக்கும்." இதை எழுதிவைத்துக்கொண்டே நான் ஏமாந்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்தப் பெண்ணை ரஜனி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் வேறு. கொட்டாஞ்சேனையில் வீடு; வெள்ளவத்தையில், காலி வீதிச் சேலைக் கடை ஒன்றில் தையல் வேலை. சேலைக்கு ஓரம் அடிப்பாள், சட்டை தைப்பாள். புருஷனுக்குத் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் கம்பனியில் லிகிதராக எழுத்து வேலை. அவளுடைய சம்பளம் அவருடைய அலுமாரிக்குள்தான் போகும். ஒருநாள் தன் சம்பளத்தில் கொஞ்சம் எடுக்க அவள் அலுமாரிக்குள் கையை விட்டபோது அவர் கதவை அடித்துச் சாத்தினார். இடது கையில் இரண்டு விரல்கள் முறிந்தன. அவை பிறகு நேராகவே இல்லை. பக்கத்து வீட்டார் பொலிசுக்கு அறிவித்ததால் வழக்கு நீதிமன்றம் வரை வந்தது.

அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதவான் சிறைக்கு அனுப்பவில்லை. இரண்டு வருடம் என் கண்காணிப்பில் இருக்க வேண்டும். ரஜனிக்கு நட்டஈட்டையும் அரசுக்கு வழக்குச் செலவையும் மாதத் தவணையாக நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். தவறினால் சிறை. இதுதான் உத்தரவு.

அவரைப் போல ஒழுங்கான ஆளை நான் கண்டதில்லை. மாதம் ஒருமுறை எங்கள் கந்தோருக்கு வந்து கையொப்பம் இடுவார். பழுப்புக் கடதாசி உறை போட்ட ஒரு கொப்பி வைத்திருந்தார். அந்த மாதத்துப் பற்றுச்சீட்டை அதில் ஒட்டி, கீழே சிவப்பு மையால் கோடும் போட்டிருப்பார். "மிஸ், இந்த மாசத்துத் துண்டு" என்று இரண்டு கையாலும் நீட்டுவார். வாசலில் இருக்கும் சிங்களப் பையனை 'மல்லி', தம்பி, என்று கூப்பிட்டுச் சுகம் விசாரிப்பார். அடித்தவர்கள் எல்லாரும் மீசையை முறுக்கிக்கொண்டு வருவார்கள் என்று நினைக்காதீர்கள்.

இனி என் பிழையைக் கேளுங்கள். அவருடைய வேலை நான்கு மணிக்கு முடியும். லீவு போட வைத்தால் பாவம், வேலை போய்விடும் என்று நினைத்து, கந்தோர் மூடிய பிறகும் நாலரை வரை அவருக்காகக் காத்திருப்பேன். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் சனிக்கிழமைதான். அன்றைக்குத்தானே அவர் வீட்டில் இருப்பார். போகுமுன் கடிதமும் போடுவோம். அது எங்கள் வழக்கம். சனிக்கிழமை சேலைக் கடையில் சனம் முட்டி வழியும் நாள். ரஜனி காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். ஆக, அடித்தவருக்கு வசதியான நாளும் நேரமும் பார்த்து, அடி வாங்கியவள் இல்லாத வீட்டில் போய் இருந்து, அவள் சுகமாக இருக்கிறாளா என்று அவருடைய தாயிடம் விசாரித்துவிட்டு வந்தேன். ஒரு தரம் அல்ல, பதினொரு மாதமாக.

அந்தத் தாயார் தேத்தண்ணீரும் முறுக்கும் வைப்பா. மகன் இப்போது பூனைக்குட்டி மாதிரி என்பா. "எங்கட குடும்பத்திலை கோட்டுப் படி மிதிச்ச ஆக்கள் ஆருமில்லை மிஸ். இவள் வந்துதான் அந்தப் பேரும் வந்தது" என்று பெருமூச்சு விடுவா. நான் முறுக்கைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். ரஜனியை ஒருமுறை கந்தோருக்குக் கூப்பிட்டிருந்தேன். புருஷனோடுதான் வந்தாள். "ஒரு பிரச்சினையும் இல்லை மிஸ்" என்றாள். எழுதிக்கொண்டேன். என் அறிக்கை இப்படி முடிந்தது: வீட்டில் அமைதி நிலவுகிறது. கொடுப்பனவுகள் அனைத்தும் உரிய திகதியில் செலுத்தப்பட்டுள்ளன. நடத்தை மிகத் திருப்தி.

அந்த அறிக்கையைத் தூக்கிக்கொண்டுதான் அவர் மேல் நீதிமன்றத்துக்குப் போனார். மேன்முறையீட்டில் இரண்டு கோரிக்கை: கண்காணிப்பை நீக்க வேண்டும், மிச்சத் தவணைகளைத் தள்ளுபடி செய்ய வேண்டும். விசாரணை ஒரு வியாழக்கிழமை. என்னையும் வரச் சொல்லி அறிவித்தல் வந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை வேறு ஒரு வழக்கின் பிரதிக்காகப் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். நீதிமன்றத்தில் காசு கட்டும் யன்னலுக்குப் பின்னால் இருக்கும் சிங்களப் பெண்மணியை எனக்கு நீண்ட நாள் பழக்கம். கதையோடு கதையாக, அந்த விரல் வளைந்த நங்கிக்கு, தங்கச்சிக்கு, இந்த மாதம் சுகமில்லையா, இன்னும் வரவில்லையே என்று விசாரித்தா. எந்த நங்கி என்று கேட்டேன். சேலைக் கடையில் வேலை செய்கிறாளே, காலையில் முதல் ஆளாக வந்து இந்த யன்னலில் தவணை கட்டுவாள், பிறகு அடுத்த யன்னலில் போய் நின்று அதே காசை நட்டஈடு என்று கையொப்பம் வைத்து வாங்குவாள் என்றா. அவ சொன்ன சிங்களத்தைத் தமிழில் தருகிறேன்: "முதல் மாதம் நாங்கள் பார்த்துச் சிரித்தோம். இரண்டாம் மாதம் சிரிக்க முடியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றல்லவா நினைத்தோம்?"

பிள்ளைகளே, இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். அவள் கையை முறித்ததற்குத் தண்டம். அந்தத் தண்டத்தை அவளே தன் தையல் கூலியில் கட்டுகிறாள். கட்டியதை நட்டஈடாக அவளே வாங்குகிறாள். வாங்கியதைக் கொண்டுபோய் அதே அலுமாரிக்குள் வைக்கிறாள். வழக்குச் செலவும் அவளுடையதுதான். அவர் செய்த ஒரே வேலை, பற்றுச்சீட்டைப் பசை பூசி ஒட்டியது. பற்றுச்சீட்டில் வழக்கு இலக்கமும் குற்றவாளியின் பெயரும்தான் இருக்கும். கொண்டுவந்து கட்டியவர் யார் என்று இருக்காது. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் ஊரே வரிசையில் நின்று பழகியிருந்த காலம் அது. இன்னொரு வரிசையில் ஒரு பெண் நிற்பது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. எனக்குப் பட்டிருக்க வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

புதன்கிழமை மதியம் சேலைக் கடைக்குப் போனேன். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. இரண்டு தையல் மெஷின், மேலே ஒரு காற்றாடி. ரஜனி என்னைக் கண்டும் எழுந்திருக்கவில்லை. சிவப்புச் சேலை ஒன்றுக்கு ஓரம் அடித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றேன். மெஷின் நிற்கவில்லை.

"மாமி முறுக்குச் சுட்டா எண்டால் நீங்கள் வரப் போறீங்கள் எண்டு எனக்குத் தெரியும், மிஸ்" என்றாள். "மாவு பிசைஞ்சு குடுக்கிறதே நான்தான்."

என்னிடம் ஒருநாளாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. அப்போதுதான் அவள் மெஷினை நிறுத்தினாள்.

"எப்ப கேட்டனீங்கள்? அவர் பக்கத்திலை நிக்கேக்கையோ?" குரல் உயரவேயில்லை. "சத்தம் கேக்காட்டில் அமைதி எண்டு எழுதுறது உங்கட கந்தோர் முறையோ மிஸ்? அடி வாங்குறவள் ரெண்டு தரம் கத்திப் பாப்பாள். பிறகு கத்த மாட்டாள். அவ்வளவுதான்."

அந்த வார்த்தைகளையும் டயறியில் எழுதிவைத்தேன். அன்றிலிருந்து அதற்குப் பக்கத்தில் வேறு எதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

கத்தாமல் விட்டதற்குக் காரணம் இன்னொன்றும் இருந்தது. தவணை தவறினால் சிறை. சிறைக்குப் போனால் வேலை போகும். அவள் கட்டாவிட்டால் இத்தனையும் அவளால் வந்ததாக ஆகும் என்று அவரும் தாயும் ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கிறார்கள். நாளைக்கு மேன்முறையீடு வென்றால் இந்தக் காசாவது மிஞ்சும் என்று அவளே நினைத்திருக்கிறாள். ஆனால் கண்காணிப்பும் போய்விடும். "நீங்கள் வாறதிலை பிரயோசனம் இல்லைத்தான். ஆனால் வருவீங்கள் எண்டு அவருக்குக் கொஞ்சம் பயம் இருக்கு. அதுவும் போச்சுதெண்டால் எனக்குப் பிறகு என்ன இருக்கு?" என்றாள்.

நாளைக்கு நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று நான் வீரமாக எழுந்தேன். அவள் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இருத்தினாள்.

"முதலிலை நான் நாளைக்கு எங்கை படுப்பன் எண்டு சொல்லுங்கோ. பிறகு நீங்கள் உண்மை கதைக்கலாம்."

உண்மை சொல்வது என் மனச்சாட்சிக்குச் சுகம்; அதற்கான விலையைக் கொட்டாஞ்சேனை வீட்டில் அவள் அல்லவா கொடுப்பாள்? இந்த ஒரு கேள்வியை என் தலைக்குள் ஏற்ற ஒரு தையல்காரி தேவைப்பட்டாள். வெள்ளவத்தைக்குப் பக்கத்தில், பாமன்கடையில் அவளுக்கு ஓர் அக்கா இருந்தா. இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை, புருஷன் விடவில்லை. கடைத் தொலைபேசியில் நானே எடுத்துக் கதைத்தேன். அக்கா விளக்கம் ஒன்றும் கேட்கவில்லை, ரஜனிக்கு இப்போதும் இடியப்பத்தோடு சொதி வேண்டுமா என்று மட்டும் கேட்டா. வியாழக்கிழமை வழமைபோல வேலைக்கு வந்து, மாலையில் கடையிலிருந்து நேரே அங்கே போவது என்று தீர்மானமானது. கடை முதலாளியிடமும் பொலிசின் பெண்கள் பிரிவிலும் சொல்லிவைத்தேன். இன்னொன்றும் அவள் கேட்டாள்: தன் வாயால் வந்தது என்று யாருக்கும் தெரியக்கூடாது.

கந்தோருக்குத் திரும்பி மேலதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். நீ கொடுத்த அறிக்கை பிழை என்று நீயே சொன்னால், இதுவரை நீ எழுதிய அத்தனை அறிக்கையையும் சட்டத்தரணிகள் தோண்டுவார்கள் என்றார். கடைசியாக, "மிஸ், இன்னும் எட்டு மாசத்திலை நீங்கள் பென்ஷன் போற ஆள்" என்றார். எட்டு மாதம் என்பதை எட்டு விரலாலும் காட்டினார். எனக்கு உடனே ஞாபகம் வந்தது வளைந்த இரண்டு விரல்கள்தான்.

சரி, ரஜனியின் வாயை இழுக்காமல் எப்படிச் சொல்வது? அந்தப் பிற்பகல் முழுதும் கோப்போடு இருந்தேன். மேன்முறையீட்டோடு ரஜனியின் புருஷன் இணைத்திருந்த நற்சாட்சிக் கடிதம் ஒன்று கையில் பட்டது. அவருடைய கம்பனி கொடுத்தது. கடந்த ஒரு வருடத்தில், வழக்கு விசாரணை நாட்களைத் தவிர, இவர் ஒருநாள்கூட லீவு எடுத்ததில்லை, ஒருநாள்கூடப் பிந்தியதில்லை, காலை எட்டு மணி முதல் மாலை நான்கு வரை கந்தோரில் இருப்பவர் என்று எழுதியிருந்தது. நான் அவருடைய பற்றுச்சீட்டுகளின் பிரதிகளைப் பக்கத்தில் பரப்பினேன். இப்போதெல்லாம் பற்றுச்சீட்டில் நேரமும் அச்சாகும். காலை ஒன்பது ஐந்து. ஒன்பது பன்னிரண்டு. ஒன்பது எட்டு. பதினொன்றும் வேலை நாள், பதினொன்றும் காலை ஒன்பதுக்கும் ஒன்பதரைக்கும் இடையில், ஒன்றுகூட வழக்கு விசாரணை நாளில் இல்லை. பதினொரு மாதமாக என் மேசையில் இருந்த கடதாசிகள் இவை. காசு கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, நேரத்தைப் பார்க்கவே இல்லை.

வியாழக்கிழமை அவர் வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார். தாயாரும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் இருந்தா. விசாரணை சிங்களத்தில், தமிழில் சொல்கிறேன். அவருடைய சட்டத்தரணி கெட்டிக்காரர். இந்தத் தவணைகள் குடும்பத்தின் வயிற்றில் அடிக்கின்றன, இதனால் அதிகம் கஷ்டப்படுவது அந்த மனைவிதான் என்று உருக்கமாக வாதாடினார். அவர் வாயிலிருந்து வந்த முழு உண்மை அது ஒன்றுதான், அது அவருக்கே தெரியவில்லை. பிறகு என் அறிக்கையை வாசித்தார். அமைதி நிலவுகிறது என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி வாசித்தார்.

நீதிபதி என்னைப் பார்த்து, இது உங்களுடைய அறிக்கையா என்று கேட்டார்.

"என்னுடையதுதான். அது பிழை."

சட்டத்தரணி திரும்பிப் பார்த்தார். நான் கம்பனிக் கடிதத்தையும் பற்றுச்சீட்டுகளின் நேரத்தையும் சொன்னேன். இந்தக் காசை இவர் கட்டியிருக்க முடியாது, யார் கட்டினார் என்று நான் விசாரிக்கத் தவறிவிட்டேன் என்றேன். சட்டத்தரணி விடவில்லை. இந்த உத்தியோகத்தர் இன்றைக்கு ஒன்று சொல்கிறார், அன்றைக்கு ஒன்று எழுதினார் என்று என் பக்கம் திரும்பினார்.

"பதினொரு மாதத்தில் அந்த மனைவியை எத்தனை தடவை தனியாகச் சந்தித்தீர்கள்?"

"ஒருமுறையும் இல்லை."

"அப்படியென்றால் உங்களை எப்படி நம்புவது?"

"என்னை நம்ப வேண்டாம், ஐயா. நேரத்தைப் பாருங்கள்."

நீதிபதி பற்றுச்சீட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ரஜனியின் புருஷனையே எழுப்பிக் கேட்டார், யார் கட்டியது என்று. அவர் தொண்டையைச் செருமினார். அம்மா என்றார். அம்மா எங்கே என்று நீதிபதி கேட்க, அவர் பின்வரிசையைக் காட்டினார். எல்லாரும் திரும்பித் தன்னைப் பார்ப்பதைக் கண்ட தாயாருக்குச் சிங்களம் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண், காசு கட்ட நீங்களா வந்தனீங்கள் என்று கேட்கிறார்கள் என்று மெல்லச் சொல்லியிருக்கிறா. தாயாருக்கு ரோசம் வந்துவிட்டது.

"நானோ? நான் கோட்டுப் படி மிதிச்சதே இண்டைக்குத்தான்."

அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று நீதிபதி கேட்டார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் எழுந்து நின்று, முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல், தான் இன்றைக்குத்தான் முதன்முதலாக நீதிமன்றத்துக்கு வந்திருப்பதாக அவர் கூறுகிறார் என்று சுத்தமான சிங்களத்தில் சொன்னார். நான் இன்றுவரை கேட்ட சிறந்த மொழிபெயர்ப்பு அது.

மேன்முறையீடு தள்ளுபடி ஆனது. கண்காணிப்பு முழுக்காலமும் தொடரும். இனித் தவணை அவருடைய சம்பளத்திலிருந்து கம்பனி கழித்து அனுப்ப வேண்டும். இதுவரை கட்டியது யார் என்று நீதவான் விசாரிக்க வேண்டும். ரஜனி அன்று மாலை பாமன்கடைக்குப் போனாள். கொட்டாஞ்சேனைக்குத் திரும்பவில்லை.

இதோடு முடிந்தது என்று சந்தோஷப்படாதீர்கள். எனக்குத் திணைக்களத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. உண்மை அற்ற அறிக்கை கொடுத்தது ஏன்? சனிக்கிழமைகளில் போனேன் என்று ஒரு வரியில் பதில் எழுதினேன். ஒரு சம்பள உயர்வு நின்றது. அது எனக்குச் சரிதான். ஆனால் நீதவானின் விசாரணை முடிவு இருக்கிறதே, அதுதான் என்னை இன்றைக்கும் எரிக்கிறது. பற்றுச்சீட்டுகள் கணவரின் பெயரில் உள்ளன. வேறொருவர் கட்டினார் என்பதற்கு எழுத்துமூலமான ஆதாரம் இல்லை. யன்னல் பெண்மணி வந்து சாட்சி சொன்னா. அவ சொன்னது வாய்ப்பேச்சாம். பதினொரு மாதத்துத் தையல் கூலி ஒரு சதம்கூடத் திரும்பி வரவில்லை. அவள் கட்டிய காசு, சட்டத்தின் கண்ணில், இன்றைக்கும் அவர் கட்டிய காசுதான். விரலை முறித்தவர் ஒழுங்காகத் தண்டம் கட்டிய ஆளாக ஏட்டில் இருக்கிறார்.

மிச்சம் இருந்த எட்டு மாதத்தில் நான் ஒரு வீட்டுக்கும் கடிதம் போட்டுவிட்டுப் போகவில்லை. யாருக்காகவும் நாலரை வரை காத்திருக்கவும் இல்லை. பெண்ணுக்கு எந்த நாள் ஓய்வோ அந்த நாள் போனேன். தனியாகக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தேன். பற்றுச்சீட்டு நீட்டிய ஒவ்வொருவரிடமும் வரிசையில் நின்றது யார் என்று கேட்டேன். இரண்டு பேர் தடுமாறினார்கள். உங்கள் மேசைக்கும் அப்படி இரண்டு பேர் வருவார்கள். கொப்பிக்கு உறை போட்டு வருவார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் ஒரு சேலைக்கு ஓரம் அடிக்கக் கொடுத்துவிட்டு, வாங்கப் போனேன். ரஜனி இப்போது அந்தக் கடையின் தையல் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறாள். கூலியில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. குறைத்திருந்தால் எனக்குத்தான் வெட்கமாக இருந்திருக்கும். நான் காசைக் கொடுத்தேன். அவள் பில் புத்தகத்தை எடுத்து, வளைந்த விரல்களால் தாளை அமர்த்திப் பிடித்துக்கொண்டு என் பெயரை எழுதினாள். பிறகு தலையை நிமிர்த்தி, பேனாவைத் தாளிலேயே வைத்தபடி கேட்டாள்:

"கட்டினதும் நீங்கள்தானே, மிஸ்? கீழை அதையும் எழுதி விடுறன்."